இணையத்தில் ஆரணிப் பட்டு: தேடுவோர் கண்ணில் படுவது எப்படி?

(ஜமாஅத் வணிகர்கள் மற்றும் இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

வணிகர்களுக்குப் பயன்படக்கூடிய செய்தி ஒன்றைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தார் பணித்தார்கள். நம் ஊரில் பட்டு, அரிசி, மளிகை, உணவு விடுதி எனப் பல தொழில்களில் ஈடுபட்டிருப்போர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உங்களில் சிலர் சொந்தமாக இணையதளம் அமைத்திருக்கிறீர்கள். அமைத்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். "தளம் இருக்கிறது, ஆனால் யாரும் வருவதில்லை." முகவரியைச் சொல்லி அனுப்பினால் பார்க்கிறார்கள். தாமாகத் தேடி ஒருவரும் வந்து சேர்வதில்லை. இது ஏன் நிகழ்கிறது, இதற்கு நாம் செய்யத்தக்கது என்ன என்பதே என் பேச்சின் பொருள். எல்லாத் தொழிலையும் ஒருங்கே பேசினால் எதுவும் விளங்காது. ஆகவே நம் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த பட்டையே எடுத்துக்கொள்கிறேன். அரிசி வணிகரும் விடுதி நடத்துபவரும் தங்கள் தொழிலுக்குப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

பெங்களூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் ஒரு தாய், மகளின் திருமணத்துக்குப் பட்டு எடுக்க நினைக்கிறார். ஆரணிப் பட்டு என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். கைப்பேசியை எடுத்து அந்த இரண்டு சொற்களைத் தட்டுகிறார். அவருக்கு முன் என்ன வருகிறது என்பதை இன்று வீட்டுக்குச் சென்றதும் நீங்களே தட்டிப் பாருங்கள். வரும் பக்கங்களில் இந்த ஊரில் கடையோ தறியோ வைத்திருப்பவர்களுடையவை எத்தனை, நம் ஊரின் பெயரை மட்டும் வைத்திருப்பவர்களுடையவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நான் சொல்வதைவிட அந்த எண்ணிக்கை உங்களுக்கு நன்றாக விளக்கும்.

பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. ஒரு பொருள் எந்த ஊருக்கு உரியதோ அந்த ஊரின் பெயரைக் காக்கும் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு, 2003இல் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு 2005இல் பதிவு பெற்றது. ஆரணிப் பட்டும் அப்பதிவேட்டில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, அந்தப் பெயரைச் சொல்லித் தேடுகிறவர் நம் வாசலுக்கு வந்து சேர்வது வேறு. தேடுபொறி நீதிமன்றம் அன்று. யாருக்கு உரிமை இருக்கிறது என்று அது விசாரிப்பதில்லை. யார் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள், அவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றே பார்க்கிறது.

அது எப்படிப் பார்க்கிறது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். தேடுபொறி நிறுவனத்தின் கணினிகள் உலகில் உள்ள இணையப் பக்கங்களை ஓயாமல் படித்துக்கொண்டே செல்கின்றன. படித்தவற்றை, புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதுபோலப் பெரியதோர் அடைவாகத் தொகுத்து வைக்கின்றன. நாம் ஒரு சொல்லைத் தட்டும்போது அந்த அடைவில் தேடி, எது முதலில், எது பின்னால் என்று வரிசைப்படுத்தித் தருகின்றன. ஆக, அடைவில் ஏறாத பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இல்லாததற்குச் சமம்.

வரிசைப்படுத்துவதுதான் நுட்பமான வேலை. தொடக்க காலத் தேடுபொறிகள், ஒரு சொல் ஒரு பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்பதையே பெரிதும் நம்பின. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் வேறொரு வழி கண்டு, 1998இல் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய வழி நமக்குப் புதியதன்று. நம் மஹல்லாவில் ஒரு சம்பந்தம் பேச வந்தால் என்ன செய்கிறோம்? மாப்பிள்ளை வீட்டார் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்வதை மட்டும் நம்பிப் பெண் கொடுத்துவிடுவதில்லை. அவர்கள் ஊர் ஜமாஅத்தில் விசாரிக்கிறோம். பலரும் அறிந்த ஒரு பெரியவர் "நல்ல குடும்பம்" என்று சொன்னால், முகம் தெரியாத பத்துப் பேர் சொல்வதைவிட அதற்கு எடை அதிகம். கூகுளும் அப்படித்தான் செய்தது. ஒரு தளம் மற்றொரு தளத்துக்கு இணைப்புக் கொடுப்பதை ஒரு சாட்சியமாக எடுத்துக்கொண்டது. சாட்சி சொல்பவரின் தகுதியையும் கணக்கில் கொண்டது. இன்று இதனோடு வேறு பல அளவுகோல்கள் சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் நீ என்ன சொல்கிறாய், உன்னைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளும் மாறவில்லை.

இனி நம் தளங்களுக்கு வருவோம். நம் ஊர்ப் பட்டு வணிகர்களின் தளங்கள் சிலவற்றைப் பார்த்தேன். படங்கள் மிக அழகாக இருக்கின்றன. எழுத்துத்தான் இல்லை. படத்தின் மேல் ஒரு எண், கீழே ஒரு விலை, வாட்ஸ்அப் குறி. அவ்வளவே. கணினி ஒரு படத்தைப் பார்த்து இது சேலை, நிறம் பச்சை என்று ஓரளவு ஊகிக்கும். கரை கோர்வையாக நெய்ததா, சரிகை எத்தகையது, தறி எந்த ஊரில் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சேலையைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு எழுத்துத் தேவையில்லை. தேடுபொறிக்கு விரல் இல்லை. அதற்கு நாம் சொற்களைத்தான் கொடுக்க முடியும்.

என்ன எழுதுவது என்று கேட்கிறார்கள். கடையில் அமர்ந்து, வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளை ஒரு வாரம் குறித்து வைத்துப் பாருங்கள். "சரிகை கறுத்துப் போகுமா?" "இதைத் தண்ணீரில் நனைக்கலாமா?" "மடிப்பில் கிழியாமல் எப்படி வைத்திருப்பது?" "கோர்வை என்றால் என்ன, அதற்கு ஏன் விலை கூடுதல்?" "காஞ்சிபுரத்துக்கும் ஆரணிக்கும் என்ன வேறுபாடு?" "ரவிக்கைத் துணி சேர்ந்ததா?" கடைக்கு வந்து கேட்கும் இதே கேள்விகளைத்தான் வர இயலாதவர் தேடுபொறியிடம் கேட்கிறார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். மூன்று தலைமுறையாகத் தறியோடு பழகிய ஒருவர், கோர்வையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவால் நெய்யப்பட்டு ஒவ்வோர் ஊடையிலும் கோக்கப்படுவதையும், அதற்கு உதவிக்கு இன்னோர் ஆள் தேவைப்படுவதையும் தம் சொந்த நடையில் இருபது வரி எழுதினால், சென்னையில் விளம்பர நிறுவனத்தில் அமர்ந்து எழுதுகிறவரால் அதற்கு ஈடு கொடுக்க முடியாது. நம்மிடம் உள்ள முதல் இதுதான். அதை நாம் எழுதாமல் வைத்திருக்கிறோம்.

சேலைக்குச் சேலையும் அப்படியே. "அழகான பட்டுச் சேலை, உயர்ந்த தரம்" என்று எழுதுவதால் பயனில்லை. எல்லோரும் அதையே எழுதியிருக்கிறார்கள். மாம்பழ நிற உடல், அரக்கு நிறக் கோர்வைக் கரை, முந்தியில் என்ன வேலைப்பாடு, உடலில் புட்டா உண்டா, நீளம் ஐந்தரை மீட்டரா, ரவிக்கைத் துணி அதற்கு மேல் எவ்வளவு, எடை எத்தனை கிராம், சரிகை வெள்ளி இழையில் பொன் முலாம் பூசியதா அல்லது செம்புக் கம்பியில் ஆனதா, கைத்தறியா விசைத்தறியா, எந்தத் தெருத் தறியில் நெய்தது என்று எழுதுங்கள். பக்கத்தின் தலைப்பிலும் இவற்றில் முக்கியமானவை இடம்பெற வேண்டும். பல தளங்களில் எல்லாப் பக்கத்துக்கும் "முகப்பு" என்றோ, கடைப்பெயர் மட்டுமோ தலைப்பாக இருக்கிறது. தேடல் முடிவில் வாடிக்கையாளர் முதலில் காண்பது பெரும்பாலும் அந்தத் தலைப்பைத்தான். படக் கோப்புகளுக்கும் கேமரா கொடுத்த எண்ணை விட்டுவிட்டுப் பொருளுள்ள பெயரும், படத்துக்குரிய மாற்று விளக்கமும் கொடுக்கச் சொல்லுங்கள். தளம் அமைத்துத் தந்தவருக்கு இது அரை நாள் வேலை.

தமிழில் எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2000களில் நம் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்துருவில் இருந்தன. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தவை, தேடுபொறிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தன. அந்தக் காலத்தில் எத்தனையோ நல்ல கட்டுரைகள் தேடலில் அகப்படாமலே போயின. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. இன்று கைப்பேசியில் நாம் தட்டுவதெல்லாம் ஒருங்குறிதான். ஆனாலும் அச்சகத்தில் துண்டறிக்கைக்காகப் பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே தளத்தில் ஒட்டுவதும், தமிழ் வாசகத்தைச் சுவரொட்டிபோலப் படமாக்கி ஏற்றுவதும் இன்னும் நிற்கவில்லை. இரண்டும் வேண்டாம். 2017 ஆகஸ்டு முதல் தமிழில் பேசியே கூகுளில் தேட முடிகிறது. நம் வீட்டுப் பெண்மணிகள் பலர் அப்படித்தான் தேடுகிறார்கள். பேசித் தேடுபவர் இரண்டு சொல்லோடு நிறுத்துவதில்லை; "ஆரணியில் தறியிலேயே பட்டுச் சேலை எங்கே வாங்கலாம்" என்று முழு வாக்கியமாகக் கேட்கிறார். தமிழில் முழு வாக்கியமாக எழுதி வைத்திருப்பவருக்கு அதனால் வாய்ப்புக் கூடுகிறது.

ஊர்ப் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் நம் ஊரை இருவிதமாக எழுதுகிறார்கள். ரயில்வே துறை களம்பூர் அருகிலுள்ள நிலையத்துக்கு "ஆரணி ரோடு" என்று பெயரிட்டபோது நடுவிலுள்ள "ஏ" என்ற எழுத்தை விட்டுவிட்டது. தேர்தல் ஆணையம் தொகுதியின் பெயரை அந்த எழுத்தோடு எழுதுகிறது. போதாக்குறைக்கு, திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரிப் பக்கம் ஓர் ஆரணி உண்டு. மராட்டிய மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் இதே ஒலியோடு ஓர் ஊர் உண்டு. ஆகவே தளத்தில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதிவிட்டு விடாமல், திருவண்ணாமலை மாவட்டம், தமிழ்நாடு, அஞ்சல் குறியீட்டு எண் என முழு முகவரியை எழுத்தில் எழுதுங்கள். ஆங்கிலப் பக்கத்தில் ஏதேனும் ஓரிடத்தில் இரண்டு எழுத்துமுறையும் இயல்பாக வந்துவிட்டால் போதும். வரிக்கு வரி திணிக்க வேண்டாம்.

திணிப்பதைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் குறுக்கு வழிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "மாதம் இவ்வளவு கொடுங்கள், கூகுளில் முதல் பக்கம், முதல் இடம் உத்தரவாதம்" என்று உங்களுக்குத் தொலைபேசி அழைப்பு வந்திருக்கும். வராதவருக்கு இனி வரும். கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டுதலில், முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர இயலாது என்று எழுதி வைத்திருக்கிறது. பணம் செலுத்தி வெளியிடும் விளம்பரம் வேறு. அதில் விளம்பரம் என்ற குறிப்பு இருக்கும், பணம் நின்றால் அதுவும் நின்றுவிடும். விளம்பரம் அல்லாத வரிசையில் இடம் வாங்கக் காசு செல்லாது. என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு வணிகர், இத்தகைய தரகர் ஒருவருக்கு ஓர் ஆண்டு பணம் கட்டியிருந்தார். தரகர் செய்த வேலை, எவருக்கும் தெரியாத ஒரு பக்கக் குறிப்பில் "பட்டு, சேலை, பட்டுச் சேலை" என்று நூறு முறை எழுதி வைத்ததுதான். அந்தக் குறிச்சொல் குறிப்பை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது.

சில தந்திரங்கள் பயனற்றவை மட்டுமல்ல, கேட்டையும் விளைவிப்பவை. ஜெர்மனியின் பெரிய கார் நிறுவனமான பிஎம்டபிள்யூ, தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் மனிதர்களுக்கு வேறொரு பக்கத்தையும் காட்டியது. 2006 பிப்ரவரியில் அதன் ஜெர்மன் தளத்தைக் கூகுள் தன் அடைவிலிருந்தே நீக்கியது. அப்பக்கங்களை அகற்றிய பின்பே மீண்டும் சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவின் ஜேசி பென்னி என்ற பெரிய அங்காடி நிறுவனத்துக்காக, தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் இணைப்புகள் விலைக்கு வாங்கி வைக்கப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளேடு வெளிப்படுத்தியது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று அந்நிறுவனம் சொல்லி, வேலையை ஒப்படைத்திருந்த ஆலோசகர்களை விலக்கியது. ஆனால் கைப்பெட்டி ஒன்றுக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த அதன் பக்கம் இரண்டு மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போனது. பொய்ச் சாட்சி சொல்ல ஆள் பிடித்ததற்குக் கிடைத்த தண்டனை அது. அத்தனை பெரிய நிறுவனங்கள் தாங்கிக்கொண்டன. ஒரு தெருமுனைக் கடை அப்படி விழுந்தால் எழுப்பிவிட ஆளிருக்காது.

பொய்ச் சொல் என்றதும் இன்னொன்றையும் வணிகர்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று எழுதுவதும், கலப்பு நூலைத் தூய பட்டு என்று எழுதுவதும், நம் ஊர்ச் சேலைக்குக் காஞ்சிபுரம் என்று பெயரிடுவதும் தேடலில் நாலு பேரைக் கூடுதலாக அழைத்து வரலாம். கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபுறம் இருக்கிறது. அதைவிட முக்கியமானது, காஞ்சிபுரம் என்று தேடுபவருக்கு நாம் விற்கும் ஒவ்வொரு சேலையும் ஆரணி என்று தேடுபவரின் எண்ணிக்கையை வளரவிடாமல் செய்கிறது என்பது. நம் பெயரை நாமே எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? சான்றிதழ்களையும் குழப்ப வேண்டாம். 2004இல் வந்த சில்க் மார்க், பட்டு தூய்மையானது என்பதற்கே சான்று. அது கைத்தறிக்குச் சான்றன்று. கைத்தறிக்கு 2006இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் தனியாக இருக்கிறது. எது உங்களிடம் உண்டோ அதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். வாங்குவோர் இப்போது அதையும் தேடித்தான் வருகிறார்கள்.

இணையதளம் இல்லாதவர்களும் இன்றே செய்யக்கூடியது, கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வது. கட்டணம் இல்லை. முன்பு "கூகுள் மை பிசினஸ்" என்று இருந்த இதற்கு 2021 முதல் "கூகுள் பிசினஸ் புரொஃபைல்" என்று பெயர். அருகிலுள்ள கடைகளைத் தேடும்போது மூன்றைப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், கடை எந்த அளவுக்கு அறியப்பட்டது என்பது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன. கடை வகை, திறக்கும் நேரம், வெள்ளிக்கிழமை நண்பகல் மூடும் நேரம், உண்மையான படங்கள் ஆகியவற்றைச் சேருங்கள். மனநிறைவோடு செல்லும் வாடிக்கையாளரிடம் கருத்து எழுதுமாறு கேட்பதில் தவறில்லை. பரிசு கொடுத்து எழுத வைப்பதும், மைத்துனரையும் கடைப் பையனையும் எழுதச் சொல்வதும் விதிக்குப் புறம்பானவை. குறை கூறி எழுதியவருக்குக் கோபப்படாமல் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலைப் படிப்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர்.

இந்தப் பதிவை வைத்தே இலவசமாக ஒரு சிறு இணையதளமும் அமைத்துக்கொள்ளும் வசதியைக் கூகுள் முன்பு கொடுத்திருந்தது. 2024 மார்ச்சில் அவற்றை மூடிவிட்டது. அதையே முகவரியாக அட்டையிலும் பையிலும் அச்சடித்திருந்த சிறு கடைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். சமூக ஊடகப் பக்கமும் அத்தகையதுதான். அது வாடகை இடம். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் முதல் ஆயிரம் ரூபாய் அளவில் சொந்த இணைய முகவரி கிடைக்கிறது. அதை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். தளம் அமைத்தவரின் பெயரில் பதிவாகியிருந்தால், அவரோடு மனத்தாங்கல் வரும் நாளில் பல ஆண்டுகளாகச் சேர்த்த சாட்சியங்கள் அனைத்தும் அவரோடு போய்விடும்.

பலன் எப்போது தெரியும் என்று அவசரப்படுகிறவர்களுக்கு: சில மாற்றங்கள் சில நாட்களில் தெரியும், சிலவற்றுக்குப் பல மாதங்கள் ஆகும். "சர்ச் கன்சோல்" என்ற கட்டணமில்லாத கூகுள் வசதியில், எந்தச் சொற்களைத் தட்டியவர்களுக்கு நம் தளம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற கணக்குக் கிடைக்கும். மாதம் ஒருமுறை அதைப் பார்த்தால் போதும். ஆவணி முகூர்த்தங்களுக்குப் பட்டெடுப்போர் ஆடியிலேயே தேடத் தொடங்குகிறார்கள். ஆகவே எழுத வேண்டியதைச் சித்திரை, வைகாசியிலேயே எழுதி ஏற்றிவிட வேண்டும். கடை ஓய்ந்திருக்கும் பிற்பகல்கள் இதற்கு ஏற்றவை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இதெல்லாம் வீண்தானே என்று ஓர் இளைஞர் முன்பே கேட்டார். 2024 முதல் இந்தியாவிலும் கூகுள் சில கேள்விகளுக்குத் தானே விடை தொகுத்து மேலே காட்டுகிறது. இதனால் தளத்துக்குள் வராமலே விடை பெற்றுச் செல்வோர் இருக்கவே செய்வார்கள், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த விடையும் பிறர் எழுதிய பக்கங்களிலிருந்தே தொகுக்கப்படுகிறது. ஆரணிக் கோர்வையைப் பற்றி ஆரணியிலிருந்து எவரும் எழுதாவிட்டால், வேறு ஊரில் இருப்பவர் எழுதியதே விடையாக வரும்.

இந்த வேலைக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் வாரம் இரண்டு மணி நேரம் கடையில் அமர்ந்து, வாப்பா சொல்லச் சொல்லத் தட்டிக் கொடுத்தால் ஒரு பருவத்துக்குள் முப்பது பக்கம் சேர்ந்துவிடும். வீட்டில் பாவு ஓட்டும், நூல் சுற்றும் பெண்களையும் கேட்டு எழுதுங்கள். பல நுட்பங்கள் அவர்களுக்கே தெரியும். கூட்டம் முடிந்ததும் ஜமாஅத் அலுவலகத்தில் சிறிது நேரம் இருப்பேன். கடையை வரைபடத்தில் பதிவு செய்யாதவர்கள் கைப்பேசியோடும், கடையின் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரியும் படத்தோடும் வந்தால் பதிவை இன்றே தொடங்கிவிடலாம். பெயர்ப்பலகையில் உள்ள தொலைபேசி எண்ணும் தளத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்பதை மட்டும் வரும்போதே சரிபார்த்துக்கொண்டு வாருங்கள்.